வராத போல்ட்டுக்கு எண்ணெயா, நெருப்பா, ரம்பமா? ஹெரால்டு வண்டியின் சஸ்பென்ஷனை முன்வைத்து ஓர் ஒப்பீடு

குன்னூர் மலைச்சரிவில், தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகைக்குள் ஸ்டாண்டின் மேல் நிறுத்தியிருந்த என் ஸ்டாண்டர்டு ஹெரால்டின் முன் இடது சக்கரத்தைக் கழற்றிவிட்டு, கீழ் டிரன்னியன் (சக்கரத்தைத் தாங்கும் தண்டின் அடிக்கட்டி) போல்ட்டை எடுக்கத் தொடங்கினேன். நட் பத்து நிமிடத்தில் கையோடு வந்துவிட்டது. போல்ட்டோ ஒன்பது நாட்களாகியும் ஒரு நூல்கூட நகரவில்லை. அந்த ஒன்பது நாட்களில் இடது பக்கத்தில் செய்து பார்த்தவற்றையும், பிறகு வலது பக்கத்தில் முறையை மாற்றி ஒரே முற்பகலில் முடித்ததையும் வைத்தே இந்த ஒப்பீட்டை எழுதுகிறேன். பழைய வண்டியின் சஸ்பென்ஷனில், அதாவது சக்கரங்களை வண்டியோடு பிணைத்து அதிர்வைத் தாங்கும் அமைப்பில், ஒரு போல்ட் வர மறுக்கும்போது ஊற வைப்பது, பலம் கொடுப்பது, சூடாக்குவது, அழுத்தித் தள்ளுவது, அறுப்பது, கூட்டோடு கழற்றிப் பட்டறைக்குக் கொண்டுபோவது ஆகிய வழிகள் நம் முன்னே இருக்கின்றன. இவற்றில் எது சிறந்தது என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடைக்காது. எந்த இடத்தில், எது எதனுடன் ஒட்டியிருக்கிறது என்று பார்த்த பிறகே அந்தக் கேள்வியைக் கேட்க முடியும்.

முதலில் வண்டியைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். பிரிட்டனின் டிரையம்ப் ஹெரால்டு காரின் இந்திய வடிவமாக 1961-இல் சென்னையில் தயாராகத் தொடங்கிய இந்த வண்டியின் உருவத்தை வரைந்தவர் இத்தாலியரான ஜியோவன்னி மிக்கெலோட்டி. உடல் தனி, சேஸ் என்ற அடிச்சட்டம் தனி. பானட் சக்கர வளைவுகளோடு சேர்ந்து முன்னோக்கிக் கவிழ்வதால், முன் சஸ்பென்ஷன் முழுவதும் கண்ணுக்கும் கைக்கும் திறந்து கிடக்கும். இந்த வேலைக்கு இதைவிட வசதியான வண்டி அக்காலத்தில் நம் நாட்டில் ஓடவில்லை என்பது என் எண்ணம். 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும் என்பதால் கொண்டை ஊசி வளைவுகளில் இதை ஓட்டுவது ஒரு சுகம். ஆனால் அந்தச் சுகத்தைத் தருகிற உறுப்புகளில் ஒன்றுதான் இங்கே தொல்லை கொடுப்பதும். சக்கரத்தைத் தாங்கி நிற்கும் செங்குத்துத் தண்டின் அடிமுனை, செம்புக் கலவையில் வார்த்த டிரன்னியன் என்ற கட்டிக்குள் மரையாக இறங்கியிருக்கிறது. ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரைதான் சுழல்கிறது. அந்த டிரன்னியனைக் கீழ் விஷ்போனின் (சேஸிலிருந்து சக்கரத்தை நோக்கி நீளும் கவையின்) இரண்டு தகட்டுக் கைகளோடு பிணைப்பது குறுக்காகப் போகும் ஒரே ஒரு போல்ட். போல்ட்டைச் சுற்றி ஓர் எஃகு ஸ்லீவ் (குழாய் உறை), ஸ்லீவைச் சுற்றி நைலான் புஷ் (உராய்வைத் தாங்கும் வளையம்), இரு ஓரங்களிலும் நீரைத் தடுக்கும் ரப்பர் சீலும் தகட்டு மூடியும் என்பது அதன் அடுக்கு. இந்த அடுக்கை மனத்தில் வைத்துக்கொண்டால் பின்னால் சொல்லப்போவது எளிதில் விளங்கும்.

இந்த வண்டிகளைப் பற்றிய ஆங்கில வழிகாட்டிகள் பெரும்பாலும் பிரிட்டனின் பனிக்காலச் சாலைகளில் தூவும் உப்பை நினைத்து எழுதப்பட்டவை. நம் மலையில் உப்பு இல்லை. ஆனால் ஈரம் போவதில்லை. தென்மேற்குப் பருவக்காற்று கூடலூர், நடுவட்டம் பக்கத்தை நனைத்து ஓய்ந்தால், வடகிழக்குப் பருவமழை அக்டோபரிலும் நவம்பரிலும் குன்னூர், கோத்தகிரிப் பக்கத்துக்கு வந்துவிடுகிறது. இரண்டுக்கும் இடையில் மூடுபனி. தேயிலைத் தோட்டச் சாலையின் செம்மண் சேறு விஷ்போன் கைகளுக்கு இடையே அப்பிக்கொண்டு, நனைத்த பஞ்சு போல வாரக்கணக்கில் நீரைப் பிடித்து வைத்திருக்கும். சீலின் ஓரத்தால் உள்ளே கசியும் அந்த நீர், போல்ட்டுக்கும் ஸ்லீவுக்கும் இடையிலுள்ள தலைமுடி அளவு இடைவெளியைத் துருவால் நிரப்புகிறது. இரும்பு துருவாகும்போது அது அடைக்கும் இடம் குறைந்தது இரண்டு மடங்காவது பெருகும் என்பதால், ஒரு காலத்தில் கையால் செருகிய போல்ட் ஆப்பு வைத்ததுபோல் இறுகிவிடுகிறது. உப்புத் துரு மரையையும் தலையையும் அரித்துத் தின்னும். நம் ஊர் ஈரத் துருவில் தலையும் மரையும் ஓரளவு நன்றாகவே இருக்க, உள்ளே உடம்பு மட்டும் பிடித்துக்கொண்டிருக்கும். நட் சுலபமாக வந்ததால் போல்ட்டும் வந்துவிடும் என்று நான் ஏமாந்ததற்கு இதுதான் காரணம்.

ஒன்பதாம் நாள், மலை ரயிலின் என்ஜின்களைப் பார்த்துக்கொள்ளும் குன்னூர் ஷெட்டில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் கொட்டகைக்கு வந்தார். போல்ட்டின் தலையில் ஸ்பேனரை வைத்து ஒரு சுற்றுச் சுற்றினார், அது சுற்றியது. "பாருங்கண்ணா, சுத்துது, இன்னும் கொஞ்சம் எண்ணெய் விட்டா வந்துடும்" என்றேன். "சுத்துறது போல்ட்டா, புஷ்ஷுக்குள்ள இருக்கிற ஸ்லீவா? அதைப் பாத்தீங்களா தம்பி?" என்று கேட்டார். நான் பார்க்கவில்லை. நட் தளர்ந்ததும் ஸ்லீவ் நைலான் புஷ்ஷுக்குள் தாராளமாகச் சுழலும்; அதோடு ஒட்டிய போல்ட்டும் சேர்ந்து சுழலும். சுழல்கிறது, ஆனால் நட் முனையில் தட்டினால் நீளவாக்கில் துளியும் நகரவில்லை என்றால் அது விடுபட்ட போல்ட் அல்ல, ஸ்லீவைக் கட்டிக்கொண்டு ஆடும் போல்ட். இந்த ஒரு சோதனையை முதல் நாளே செய்திருந்தால் எனக்கு ஒரு வாரம் மிச்சமாகியிருக்கும்.

ஆகவே பிடிப்புகளைப் பிரித்தறிவதே முதல் வேலை. நட் மரையோடு ஒட்டியிருப்பது ஒரு வகை. விஷ்போனைச் சேஸோடு பிணைக்கும் தாங்கிகளில் இதைக் காணலாம். போல்ட்டின் உடம்பு எஃகு ஸ்லீவோடு ஒட்டியிருப்பது இரண்டாவது வகை. முன் டிரன்னியன், பின் டிரன்னியன், பின் லீஃப் ஸ்பிரிங்கின் (பட்டை வில்லின்) முனை வளையமான கண், ஷாக் அப்சார்பரின் கீழ்ப்புஷ் எல்லாம் இதில் அடங்கும். வார்ப்புப் பெட்டிக்குள் இறங்கிய ஸ்டட் (தலையில்லாத மரைக் கம்பி) மறுப்பது மூன்றாவது வகை. ஹெரால்டில் குறுக்கு லீஃப் ஸ்பிரிங்கை, பின் சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்துத் தரும் டிஃபரென்ஷியல் பெட்டியின் தலைமேல் பிடித்திருப்பவை இத்தகைய ஸ்டட்கள். அம்பாசடர் வைத்திருப்போருக்குப் பின் ஸ்பிரிங்கின் முன்கண் போல்ட்டில் இந்த இரண்டாம் வகைத் தொல்லை நன்கு அறிமுகமாகியிருக்கும்.

வழிகளை ஒப்பிடுவதற்கு முன் ஸ்பேனரைப் பற்றி ஒரு சொல். ஹெரால்டில் இருப்பவை அங்குல அளவு. 9/16 அங்குலத் தலை 14.29 மி.மீ.; நம் பட்டறைகளில் கிடைக்கும் 14 அதில் நுழையாது, 15 நுழைந்து மூலைகளை உருட்டிவிடும். அரை அங்குலத் தலை 12.7 மி.மீ.; 13 போட்டால் முதல் இழுப்பைத் தாங்கும், மூன்றாவது இழுப்பில் வழுக்கும். முக்கால் அங்குலத்துக்கு 19 சரியாகவே பொருந்தும். வராத போல்ட் என்று என்னிடம் காட்டப்பட்டவற்றில் சில, உண்மையில் தவறான ஸ்பேனரால் தலை உருண்டவைதான். ஆறு முகமுள்ள அங்குல சாக்கெட் ஒரு தொகுதி வாங்குவதை இந்த வேலையின் செலவில் முதலாவதாக எழுதிக்கொள்ளலாம்.

இனி எண்ணெய். ஊற வைப்பதில் செலவு மிகக் குறைவு, எதுவும் கெடாது, தூங்கும்போதும் வேலை நடக்கும் என்பதால் எல்லோரும் இதிலிருந்தே தொடங்குகிறோம். ரேஷன் மண்ணெண்ணெய் தாராளமாகக் கிடைத்த நாட்களில் அதுதான் மருந்து, இப்போது டபிள்யூ.டி. 40 போன்ற ஸ்பிரேக்களும், அசிட்டோனும் ஆட்டோமேட்டிக் கியர் எண்ணெயும் சம அளவில் கலந்த கைவைத்தியமும் வழக்கத்தில் இருக்கின்றன. அந்தக் கலவை நின்றால் பிரிந்துவிடும், ஆகவே ஒவ்வொரு முறையும் குலுக்க வேண்டும். எளிதில் தீப்பற்றும் என்பதையும் மறக்கலாகாது. மரையில் ஒட்டிய நட்டுக்கு இவை நன்றாகவே வேலை செய்கின்றன. நட்டின் உயரம் ஒரு செ.மீ. அளவுதான், இரண்டு பக்கமும் திறந்திருப்பதால் எண்ணெய் நுண்ணிடைவெளிகள் வழியே தானாக ஏறிவிடும். கம்பித் தூரிகையால் வெளியே நீண்ட மரையைத் தேய்த்துச் சுத்தம் செய்துவிட்டு, காலையும் மாலையும் எண்ணெய் விட்டு, நடுவில் சுத்தியலால் லேசாகத் தட்டிவந்தால், மூன்று நாட்களில் பெரும்பாலான நட்கள் இளகிவிடுவதை நான் கண்டிருக்கிறேன்.

டிரன்னியனில் கதை வேறு. அங்கே எண்ணெய் போக வேண்டிய நீளம் நட்டின் உயரத்தைப் போலப் பல மடங்கு, வழியோ துருவால் முழுக்க அடைபட்டது, நுழைவாயில் இரண்டையும் விஷ்போன் கைகள் மூடியிருக்கின்றன. நான் ஊற்றிய எண்ணெயில் பெரும்பகுதி கையின் தகட்டில் வழிந்து தரையில் தேங்கியதே தவிர உள்ளே போகவில்லை. இன்னொரு தடையும் நம் மலைக்கே உரியது: ஈரம் குடித்த துருவுக்குள் எண்ணெய் இறங்குவதில்லை. மழை நாளில் ஊற வைப்பதற்கு முன் இணைப்பை உலர்த்த வேண்டும். சூட்டுக் காற்றுத் துப்பாக்கியால் பத்து நிமிடம் இதமாகச் சூடாக்கி, அது ஆறும்போது எண்ணெய் விட்டால் கொஞ்சமேனும் உள்ளே இழுத்துக்கொள்ளும். அப்படியும் இரண்டாம் வகைப் பிடிப்புக்கு எண்ணெயை நம்பி மூன்று நாட்களுக்கு மேல் காத்திருப்பதில் பயனில்லை என்பதே என் முடிவு. ஒன்பது நாள் காத்திருந்தவன் சொல்கிறேன்.

பலம் கொடுப்பதைப் பற்றி விரைவாகச் சொல்லிவிடலாம். இரண்டடி இரும்புக் குழாயை ஸ்பேனரில் மாட்டி, 60 கிலோ எடையுள்ள ஒருவர் அதன் முனையில் முழுப் பாரத்தையும் போட்டால் சுமார் 350 நியூட்டன் மீட்டர் முறுக்கு விழும். அரை அங்குலத்துக்கும் குறைந்த போல்ட்டை முறுக்கி அறுக்க இது போதும். பாட்டரியில் இயங்கும் இம்பாக்ட் ரெஞ்ச் சீரான அடிகளாகக் கொடுப்பதால் நட்டை எடுப்பதில் குழாயைவிடப் பாதுகாப்பானது. காற்றில் இயங்கும் கருவி வைத்திருப்போர், உதகை உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்கே என்பதால் சிறிய கம்ப்ரசர் விரைவில் மூச்சு வாங்கும் என்பதை எதிர்பார்க்க வேண்டும். ஆனால் இவை எல்லாம் சுழற்றும் பலங்கள். ஸ்லீவோடு ஒட்டிய போல்ட்டுக்குச் சுழற்றும் பலத்தால் எந்தப் பயனும் இல்லை. புஷ்ஷுக்குள் ஸ்லீவை வேகமாகச் சுற்றி நைலானைத் தேய்ப்பதோடு சரி.

சூடாக்குவது பற்றித்தான் அதிகக் குழப்பம் இருக்கிறது, ஆகவே கொஞ்சம் நின்று பார்க்கலாம். எஃகு ஒரு டிகிரிக்கு ஒரு மீட்டரில் சுமார் 0.012 மி.மீ. நீளும். 11 மி.மீ. துளையுள்ள நட்டை மட்டும் 300 டிகிரி கூடுதலாகச் சூடாக்கினால் துளை 0.04 மி.மீ. அளவுக்கு விரியும். கேட்பதற்கு அற்பமாகத் தோன்றினாலும், துருவின் பிடியை உடைக்க அது போதும். நட் சூடாகவும் போல்ட் குளிர்ந்தும் இருக்க வேண்டும் என்பதே இதன் உயிர்நாடி. ஆகவே சிறிய இடத்தில் கடுமையான சுடர் வேண்டும். ஆக்சிஜன் அசிட்டிலீன் சுடர் சுமார் 3,100 டிகிரி, நட்டை அரை நிமிடத்தில் நீலநிறம் தாண்ட வைக்கும். எல்.பி.ஜி. காற்றுச் சுடர் 1,900 டிகிரிக்கு மேல் இருந்தாலும் அகலமானது, மெதுவானது; நட் சூடாவதற்குள் போல்ட்டும் சேர்ந்து சூடாகிவிடும். சிறிய பியூட்டேன் குப்பியில் மாட்டும் கைச்சுடரைச் சிலர் வாங்கிவைக்கிறார்கள். பியூட்டேன் பூஜ்ஜியம் டிகிரியை ஒட்டியே ஆவியாகும் திரவம். டிசம்பர், ஜனவரி விடியற்காலையில் உறைபனி படியும் உதகையில் அந்தக் குப்பி சுடராக வராமல் பெருமூச்சு மட்டும் விடும். வீட்டுச் சிலிண்டரைக் கொட்டகைக்கு இழுத்துவருவதை எவ்வகையிலும் செய்யக் கூடாது. சூடான நட்டின் ஓரத்தில் மெழுகுவர்த்தியைத் தொட்டால் உருகிய மெழுகு மரைக்குள் உறிஞ்சப்படும். பழைய ஃபிட்டர்களின் இந்த உத்தி எண்ணெயைவிடத் தூய்மையானது, புகையும் குறைவு.

இதே நெருப்பை டிரன்னியனுக்குக் கொண்டுவந்தால் என்ன ஆகும்? வெளியிலிருந்து சூடு முதலில் செம்புக் கலவையை அடைகிறது, அடுத்து நைலான். நைலான் வெப்பத்தை எளிதில் கடத்தாது, 220 முதல் 260 டிகிரிக்குள் உருகியும்விடும். அதாவது ஒட்டியிருக்கும் இடத்துக்குச் சூடு போய்ச் சேருமுன் நடுவில் இருப்பது கூழாகிறது. சரி, போல்ட்டையே சூடாக்கினால் என்ன என்று கேட்கலாம். போல்ட் ஸ்லீவுக்குள் விரிந்து இன்னும் இறுகும். அது ஆறும்போது துருவின் பிடி உடையலாம் என்ற நம்பிக்கையில் நான் இரண்டு முறை செய்தேன். ரப்பர் எரிந்த நாற்றம் கொட்டகையில் இரண்டு நாள் இருந்தது, போல்ட் இருந்த இடத்திலேயே இருந்தது. மேலும் அந்த இடத்திலிருந்து ஒரு சாண் தொலைவில் பிரேக்கின் ரப்பர் குழாய் தொங்குகிறது. துத்தநாகப் பூச்சுள்ள பாகத்தைச் சூடாக்கினால் வரும் வெண்புகை காய்ச்சலைத் தரும். குளோரின் கலந்த பிரேக் கிளீனரை அடித்துவிட்டு அதன்மேல் சுடர் காட்டினால் உயிருக்கே ஆபத்தான நச்சு வாயு உண்டாகும். ஆகவே நெருப்பு என்பது நட்டுக்கு உரிய மருந்து. நைலானும் ரப்பரும் இருக்கும் இணைப்புக்கு அல்ல. சுடரில்லாமல் சுருள் கம்பியால் சூடாக்கும் இண்டக்‌ஷன் கருவி, பிரேக் குழாயின் பக்கத்தில் இருக்கும் நட்டுக்கு மிகவும் ஏற்றது. ஆனால் வாழ்நாளில் நான்கு நட்டுக்காக வாங்கும் விலையில் அது இல்லை. தெரிந்த பட்டறையில் இருந்தால் இரவல் கேட்கலாம்.

அழுத்தித் தள்ளும் வழியில் நான் செய்த தவற்றைச் சொல்லாமல் போக முடியாது. நட் முனையில் பழைய நட் ஒன்றை மட்டமாகத் திருகி மரையைப் பாதுகாத்துவிட்டு, இரண்டு பவுண்டு சுத்தியலால் அடித்தேன். போல்ட் ஸ்லீவோடு ஒட்டியிருப்பதால் அடியின் முழு வேகமும் ஸ்லீவ் வழியாகப் போய் எதிர்ப்பக்கத்து விஷ்போன் கையின் உட்புறத்தில் இறங்குகிறது. அந்தக் கை தகட்டில் அழுத்திச் செய்தது. ஏழெட்டு அடிக்குப் பிறகு பார்த்தால் கை வெளிப்புறமாக வளைந்திருந்தது. வளைந்த கையை நிமிர்த்திப் போடுவது மலைச்சாலையில் ஓடும் வண்டிக்குத் தகாது என்பதால், போல்ட்டைப் போலச் சில மடங்கு விலையுள்ள ஒரு கையை வாங்க வேண்டியதாயிற்று. சுத்தியலுக்குப் பதிலாகக் கனமான ஜி-கிளாம்ப்பை (திருகி இறுக்கும் பிடியை) எடுத்து, எதிர்க் கையின் வெளிப்புறத்தில் போல்ட் நுழையும் அளவுக்கு ஒரு குழாய்த் துண்டை வைத்து அழுத்தினால், கையின் இருபுறமும் தாங்கல் கிடைப்பதால் அது வளையாது. கிளாம்ப்பை முழு இறுக்கத்தில் வைத்துவிட்டு போல்ட்டின் முனையில் ஒரு தட்டுத் தட்டினால் சில நேரம் 'டக்' என்று விடுபடும். அரைமணி நேர முயற்சிக்கு இது தகுதியானது. ஆனால் எவ்வளவு பிடித்திருக்கிறதோ அவ்வளவு பலம் கிளாம்ப்பில் ஏறும். அது சிதறி வரும்போது எதிரே முகம் இருக்கக் கூடாது.

அறுப்பது என்றவுடன் பலருக்கு மனம் ஒப்புவதில்லை. பழைய வண்டியின் மூலப் பாகத்தை அழிப்பது பாவம் போலத் தோன்றுகிறது. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் அறுக்கும்போது அழிபவை எவை என்று எண்ணிப் பாருங்கள். போல்ட், எஃகு ஸ்லீவ், நைலான் புஷ், ரப்பர் சீல், தகட்டு மூடி. டிரன்னியனைப் பிரிக்கிற எவரும் இவை அனைத்தையும் எப்படியும் மாற்றத்தான் போகிறார்கள். ஸ்பிட்ஃபயர், விட்டெஸ், ஜி.டி.6 ஆகிய டிரையம்ப் வண்டிகளும் இதே குடும்பத்து சஸ்பென்ஷனைக் கொண்டிருந்ததால், பிரிட்டனில் இந்தத் தொகுதி இன்றும் புதிதாகவே செய்து விற்கப்படுகிறது. காப்பாற்ற வேண்டியவை விஷ்போன் கைகளும், செங்குத்துத் தண்டும், நல்ல நிலையில் இருந்தால் டிரன்னியனும். அறுக்கும்போது இவை எதன்மீதும் அடியோ சூடோ முறுக்கோ விழுவதில்லை. ஒன்பது நாள் நான் காப்பாற்ற முயன்ற போல்ட், வந்திருந்தாலும் குப்பைக்குத்தான் போயிருக்கும்.

வலது பக்கத்தில் செய்த முறை இது. வண்டியை உறுதியான ஸ்டாண்டில் நிறுத்தி, பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, கீழ் விஷ்போனுக்கு அடியில் ஜாக்கியை வைத்து லேசாகத் தாங்கினேன். இந்தத் தாங்கல் இல்லாவிட்டால், பாதி அறுத்த நிலையில் ஸ்பிரிங் கையைக் கீழே தள்ள, பிளேடு இறுகி ஒடியும். பிரேக் குழாயின் மேல் ஈரத் துணியைச் சுற்றினேன். கைக்கும் டிரன்னியனுக்கும் இடையில் சீல் அமர்ந்திருக்கும் சந்துதான் அறுக்கும் இடம்; ஸ்க்ரூடிரைவரால் சீலையும் மூடியையும் ஒதுக்கினால் பிளேடு நுழைய இடம் கிடைக்கும். போல்ட்டையும் அதைச் சுற்றிய ஸ்லீவின் ஓரத்தையும் சேர்த்தே அறுக்கிறோம் என்பதால் நேரம் பிடிக்கும். அங்குலத்துக்கு 24 பல் உள்ள நல்ல பை-மெட்டல் பிளேடை ஒரு முனையில் துணி சுற்றிக் கையால் பிடித்து, அவ்வப்போது எண்ணெய் தொட்டு, நிதானமாக இழுத்தேன். போல்ட் சுழலும் என்பது இங்கே தொல்லை. எதிர்முனையில் ஸ்பேனரைப் போட்டு ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். என் தங்கை மகன் பிடித்தான். டிரன்னியனின் இருபுறமும் ஒவ்வொரு வெட்டு; ஒரு வெட்டுக்கு இரண்டு பிளேடு, இரண்டு வெட்டும் சேர்த்து இரண்டரை மணி நேரம் ஆயிற்று.

பாட்டரி ரம்பம் வைத்திருப்பவர்கள் இதில் கால்வாசி நேரத்தில் முடித்துவிடலாம். 4 அங்குல கிரைண்டரில் 1 மி.மீ. கட்டிங் வீலைப் போட்டும் அறுக்கலாம். ஆனால் சந்து குறுகலாக இருப்பதால் கை ஒரு நூல் சாய்ந்தால் விஷ்போனில் வெட்டு விழும், வெட்டு விழுந்த இடத்தில்தான் பின்னாளில் விரிசல் தொடங்கும். பொறியும் பறக்கும். மின்சாரம் போய்ப் போய் வரும் மழைக்கால மாலையில், ஓடிக்கொண்டிருக்கும் கிரைண்டர் நின்று திடீரென்று மீண்டும் ஓடத் தொடங்குவது வேடிக்கையான அனுபவம் அல்ல. இந்தக் காரணங்களால் கை பிளேடையே நான் விரும்புகிறேன். அவசரப்படுபவர்களோடு வாதாட மாட்டேன். இரண்டு வெட்டும் முடிந்ததும் டிரன்னியன் தண்டோடு தொங்கும், கைகளில் எஞ்சிய துண்டுகள் விரலால் தள்ளினாலே விழும். டிரன்னியனைத் தண்டிலிருந்து திருகி எடுக்கும்போது, இடது பக்கத்து மரையும் வலது பக்கத்து மரையும் எதிரெதிர்த் திசையில் இருப்பதை நினைவில் கொள்ள வேண்டும். இரண்டும் ஒன்றுக்கொன்று மாற்றாகா.

எல்லா இரண்டாம் வகைப் பிடிப்பையும் உடனே அறுத்துவிடலாமா என்றால், இல்லை. பின் லீஃப் ஸ்பிரிங்கின் கண்ணிலும் போல்ட் புஷ்ஷின் எஃகுக் குழாயோடு ஒட்டுகிறது. அறுத்தால் போல்ட்டும் புஷ்ஷும்தான் போகும், ஆகவே கணக்கு அதேதான். ஆனால் அங்கே ஸ்பிரிங்கின் பாரம் முழுவதும் அந்தப் போல்ட்டில் இருக்கிறது. ஷாக் அப்சார்பரைக் கழற்றிவிட்டு, தாங்கல் சரியாகக் கொடுக்காமல் அறுத்தால், கடைசி இழுப்பில் செங்குத்துத் தண்டு கீழே பாயும். ஸ்பிரிங்கைத் தூக்கிப் பிடிக்கும் ஏற்பாடு இல்லாதவர் அதில் ரம்பத்தை வைக்க வேண்டாம்.

டிஃபரென்ஷியல் தலைமேல் உள்ள ஸ்டட்டில் என் தீர்ப்பு நேர்மாறு. அங்கே காப்பாற்ற வேண்டியது பெட்டியின் மரை. ஸ்டட் அறுந்து உள்ளே நின்றுவிட்டால் நடுப்புள்ளி குத்தி, சிறிய டிரில்லிலிருந்து தொடங்கி, மரையைத் தொடாமல் துளையிட வேண்டும். டிரில் ஒரு பக்கம் சாய்ந்தால் போயிற்று. ஆகவே அங்கே நாட்களைச் செலவிடுவது தகும்: எண்ணெய், உலர்த்தல், நட்டில் மட்டும் சூடு, இறுக்கும் திசையிலும் தளர்த்தும் திசையிலும் மாறி மாறிச் சிறு அசைவு, மறுபடி எண்ணெய். நட் அசைந்து ஸ்டட்டும் சேர்ந்து வந்துவிட்டால் கவலையில்லை, முழுதாக வந்ததே போதும். நட்டே வராவிட்டால் உளியால் நட்டின் ஒரு முகத்தைப் பிளப்பது, ஸ்டட்டைத் தொடாமல் விடுதலை தரும். அறுந்துபோன ஸ்டட் பெட்டிக்கு மேலே கொஞ்சமாவது நீண்டிருந்தால், அதன்மேல் ஒரு நட்டை வைத்து உட்புறம் வெல்டிங் செய்து எடுக்கலாம். வெல்டிங்கின் சூடே பாதி வேலையைச் செய்துவிடும். இது தேர்ந்த வெல்டரின் வேலை.

கடைசி வழி, கூட்டோடு கழற்றிப் பட்டறைக்குக் கொண்டுபோவது. மேல் பால் ஜாயின்ட்டையும் ஸ்டியரிங் கம்பியின் முனையையும் பிரேக் குழாயையும் விடுவித்து, கீழ் விஷ்போனின் உள்முனைத் தாங்கிகளைச் சேஸிலிருந்து கழற்றினால், முழுக் கூட்டையும் மேசைக்குக் கொண்டுவந்துவிடலாம். தாங்கிகளுக்கு அடியில் இருக்கும் சிம் என்ற மெல்லிய இடைத் தகடுகளின் எண்ணிக்கையை எழுதிவைக்காவிட்டால் சக்கரத்தின் சாய்வு மாறிவிடும். ஹைட்ராலிக் பிரஸ் உள்ள லேத் பட்டறை தேயிலைத் தொழிற்சாலைகளை நம்பி வாழும் குன்னூரிலும் கோத்தகிரியிலும் உண்டு. இல்லையென்றால் 14 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி மேட்டுப்பாளையம், அதற்கும் அப்பால் கோவை. பிரஸ்ஸிலும் கைகளுக்குத் தாங்கல் கொடுக்காவிட்டால் அவை வளையத்தான் செய்யும், சுத்தியலைவிட அழகாக வளையும் என்பது மட்டுமே வேறுபாடு. பழைய பாகத்தைத் தெரியாத கடைப் பையன் கையில் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போகாமல், பக்கத்தில் நின்று தாங்கலைப் பார்த்துக்கொள்வதாக இருந்தால் இது நல்ல வழி. தாங்கிகளின் நட்களும் துருவேறியிருந்தால் ஒரு போல்ட்டுக்காக மேலும் பல போல்ட்டுகளோடு போராட நேரும் என்பதால், வண்டியின் சஸ்பென்ஷனை முழுவதுமாகப் பிரித்துப் புதுப்பிக்கப் போகிறவர்களுக்கே இதைப் பரிந்துரைப்பேன்.

இன்று ஒருவர் இதே டிரன்னியனோடு வந்து கேட்டால் நான் சொல்லும் வரிசை இதுதான். முதல் மாலை நட்டை எடுத்து, சுழலும் சோதனையைச் செய்து, உலர்த்தி எண்ணெய் விடட்டும். மறுநாள் காலை ஜி-கிளாம்ப்பில் அரைமணி நேரம் முயலட்டும். வந்தால் நல்லது, வராவிட்டால் அன்றே அறுத்துவிடட்டும். நெருப்பையும் சுத்தியலையும் இந்த இடத்துக்குக் கொண்டுவரவே வேண்டாம். சேஸ் தாங்கியின் நட்டுக்கு மூன்று நாள் எண்ணெய், பிறகு சூடு. ஸ்டட்டுக்கு எவ்வளவு நாள் ஆனாலும் பரவாயில்லை. புதுத் தொகுதி கையில் வந்து சேர்வதற்கு முன் எதையும் அறுக்கக் கூடாது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்; கொட்டகையில் ஒரு சக்கரமில்லாமல் ஆறு வாரம் நின்ற வண்டியைச் சுற்றிக்கொண்டு நடந்தவன் நான்.

புதிய போல்ட்டைப் போடும்போது உடம்பு முழுவதும் செம்புத்தூள் கலந்த கிரீஸைப் பூசி, ஸ்லீவுக்குள் கையால் தள்ளினாலே போகிறதா என்று பார்த்து மாட்டினேன். டிரன்னியனின் மரைக்கு மட்டும் கிரீஸ் கூடாது; அங்கே இ.பி. 90 கியர் எண்ணெய்தான் போக வேண்டும், கிரீஸ் அந்த மரையின் அடிவரை இறங்காமல் தண்டு ஒருநாள் வளைவில் முறிவதற்கு வழி செய்துவிடும். வடகிழக்கு மழைக்கு முன், செப்டம்பர் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரண்டு பக்கத்து நட்டையும் கழற்றி, போல்ட்டை வெளியே இழுத்துத் துடைத்து, மறுபடி பூசிச் செருகிப் புது நட் போட்டு இறுக்குகிறேன். இந்த ஆண்டு ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடம் ஆயிற்று. வலது பக்கத்துப் போல்ட்டின் நடுவில் விரலகல அளவுக்கு மெல்லிய பழுப்புப் படிந்திருந்தது, துணியால் துடைத்ததும் போய்விட்டது.